சாவகாச யாத்திரை: கம்பம் பள்ளத்தாக்கில் மூத்தோரை அழைத்துச் செல்லும் முறை

தேனியிலிருந்து குமுளிக்குச் செல்லும் நெடுஞ்சாலை, மேற்கே ஏலமலையும் கிழக்கே மேகமலையும் வருஷநாட்டுத் தொடரும் அரண்போல் நிற்க, முல்லையாற்றின் போக்கைத் தழுவி ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தூரம் ஓடுகிறது. வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர்கேம்ப் என்று இச்சாலை ஓரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த ஊர்களில், பாண்டியர் காலத்துச் செப்பேட்டின் ஞாபகம் முதல் பென்னிகுயிக் துரைக்கு எழுந்த மணிமண்டபம் வரை, மலையேறும் சிரமம் சிறிதுமின்றிச் சமதரையில் நின்றே கண்டு மகிழத்தக்க கலைச் செல்வமும் சரித்திரச் செல்வமும் நிறைந்து கிடக்கின்றன. மலைநாடு என்ற பெயர் பெற்றுவிட்டதாலேயே இப்பிரதேசத்துக்கு வருவோரை உடனே மலைமேல் ஏற்றிவிடுவது வழக்கமாயிற்று. முதியோரைப் பொறுத்தவரை இவ்வழக்கத்தைக் கைவிட்டு, பள்ளத்தாக்கின் தரையையே பிரயாணத்தின் களமாகக் கொள்ள வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் முதற் கொள்கை.

இங்கே சொல்லப்படுவன விடுதி நடத்துவோருக்கும், வேன் ஓட்டுவோருக்கும், கோயில் நிர்வாகிகளுக்கும், தாய் தந்தையரை அழைத்துவர எண்ணும் பிள்ளைகளுக்கும் உரியவை. தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தோர் 2021-இன் மதிப்பீட்டின்படி நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கும் அதிகம்; இவ்வகையில் கேரளத்துக்கு அடுத்த இடம் நம்முடையது. அறுபதிலிருந்து எழுபது வயதுக்குட்பட்டவர்களைக் கட்டணமின்றி அறுபடை வீடுகளுக்கு அழைத்துச் செல்லும் பயணத்தை அறநிலையத் துறை 2024 ஜனவரியில் தொடங்கியபோது, மூத்தோர் யாத்திரை என்பது குடும்ப விஷயம் என்ற நிலை மாறிப் பொது விஷயமாயிற்று. நம் மாவட்டத்துக்கோ இன்னொரு வசதியும் கூடியிருக்கிறது. 1928-இல் திறக்கப்பட்டு, அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010-இன் இறுதியில் நிறுத்தப்பட்ட மதுரை–போடி ரயில், 2022 மே மாதத்தில் தேனி வரையிலும், 2023 ஜூனில் போடி வரையிலும் மீண்டும் ஓடத் தொடங்கியது. சென்னை சென்ட்ரலில் வாரம் மும்முறை இரவில் ஏறுகிறவர் மறுநாட் காலையில் தேனியில் இறங்கலாம். முழங்கால் வலியுள்ள ஒருவருக்கு இரவெல்லாம் பஸ்ஸில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து வருவதற்கும், கீழ்ப்படுக்கையில் நீட்டிப் படுத்து வருவதற்கும் உள்ள வித்தியாசத்தை அனுபவித்தவர்களே அறிவார்கள். மூத்தோருக்கான ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்ட போதிலும், கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு நீடிக்கிறது. அதைக் கேட்டுப் பெறுவது முன்பதிவு செய்பவரின் கடமை.

இனிக் காலத்தைப் பற்றி. கார்த்திகை முதல் தேதி தொடங்கி மகரவிளக்கு முடியும் வரையில் இச்சாலை ஐயப்ப பக்தர்களுடையது. வாகனங்கள் கம்பமெட்டு வழியாக ஏறிக் குமுளி வழியாக இறங்கும்படி ஒருவழிப்பாதை ஏற்பாடுகூட அப்போது செய்யப்படுவதுண்டு; விடுதிகளில் இடம் அரிது; சாலையைக் குறுக்கே கடப்பதே வயோதிகர்க்கு அபாயம். ஆனி, ஆடி மாதங்களில் கணவாய் வழியே இறங்கும் காற்று ஓயாமல் வீசும். சாரல் சுகமானதுதான் என்றாலும், ஈரக்காற்று மூச்சிரைப்புள்ளவர்க்கு ஆகாது. சித்திரை வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஆகையால் தை மாதத்தின் பிற்பாதி முதல் மாசி முடிய உள்ள ஆறு வாரங்களே மூத்தோர் யாத்திரைக்கு உத்தமமான பருவம். வானம் தெளிந்திருக்கும், பகல் வெயில் உறைக்காது, அதிகாலைக் குளிருக்கு ஒரு சால்வை போதும்.

தங்குமிடத்தை நாள்தோறும் மாற்றலாகாது. பெட்டியைக் கட்டி அவிழ்ப்பதும், புதிய அறையில் இரவு எழுந்து விளக்குப் பொத்தானைத் தேடுவதும் முதியவர்களை ஊர் சுற்றுவதைவிட அதிகமாக அயர்த்துகின்றன. தேனியிலோ கம்பத்திலோ ஓரிடத்தில் நான்கைந்து இரவுகள் தங்கி, அங்கிருந்து காலையில் ஓர் இடமும் மாலையில் ஓர் இடமும் சென்று திரும்புவதே முறை. கோயில்கள் நடுப்பகலில் நடை சாத்துவது நமக்கு அனுகூலம். பதினொரு மணிக்குள் திரும்பி, பன்னிரண்டரைக்குள் உண்டு, நாலு மணி வரையில் இளைப்பாறினால், அந்தி வேளையில் மீண்டும் புறப்படும் தெம்பு தானே வரும். ஒரே நாளில் எட்டு ஸ்தலம் என்று அச்சிட்டு அழைத்துச் செல்லும் வண்டி ஒன்றைக் குச்சனூரில் நான் கண்டதுண்டு. ஆண்களும் இளையவர்களும் சனீஸ்வரனைத் தரிசிக்க இறங்கி ஓட, எண்பதை எட்டிய ஓர் அம்மையார் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். "ஏன் ஆத்தா, இறங்கலையா?" என்று கேட்டேன். "படி உசரம் ஐயா. ஏறி இறங்குறதுக்குள்ள இவுகளுக்கு நேரமாயிரும். வண்டியிலிருந்தே கும்பிட்டுக்கிட்டேன்" என்றார். அவ்வளவு தூரம் பயணம் செய்து வந்த அந்த அம்மையாருக்குக் கிடைக்க வேண்டியிருந்தது முக்காலி ஒன்றும் பத்து நிமிஷ அவகாசமுமே. வண்டியின் கீழ்ப்படிக்கும் தரைக்கும் நடுவே வைக்கத்தக்க, வழுக்காத கால்களுள்ள ஒரு மரமுக்காலியை எப்போதும் வண்டியில் வைத்திருக்கும்படி வேன் உரிமையாளர்களை நான் வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

காண வேண்டிய இடங்களுள் முதலாவதாக உத்தமபாளையத்தைச் சொல்வேன். பலரும் அவ்வூரை நிற்காமல் கடந்து போய்விடுகிறார்களாதலால் இதைச் சற்று விரித்துச் சொல்லுதல் தகும். தென்காளஹஸ்தி என்று போற்றப்பெறும் காளாத்தீஸ்வரர் ஆலயத்தைத் தரிசித்தபின், ஊரை அடுத்துள்ள கருப்பணசாமி கோயில் பாறைக்குச் செல்ல வேண்டும். பாறையின் முகப்பில் சமண தீர்த்தங்கரர் உருவங்கள் அமர்ந்த கோலத்திலும் நின்ற கோலத்திலும் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அருகே வட்டெழுத்துச் சாசனங்கள். உச்சிப் பொழுதில் வெயில் நேராக விழுகையில் பாறை முழுதும் ஒரே வெளுப்பாகத் தோன்றும். சாய்வெயில் விழும் வேளையிலோ முகங்களின் வளைவும், தலைமேல் விரிந்த குடைகளின் விளிம்பும், எழுத்துக்களின் பள்ளமும் நிழல் கட்டித் துலக்கமாகத் தெரியும். கண்பார்வை மங்கியவர்களுக்கு இந்த வேளை நியதி மிகவும் பிரதானம். அருகே மடக்கு நாற்காலிகள் நான்கைந்தைப் போட்டு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட சமணத் துறவிகள் இப்பள்ளத்தாக்கில் தங்கி அறம் உரைத்ததையும், பிற்காலத்தார் அதே பாறையடியில் கருப்பணசாமியை வைத்து வழிபடுவதையும் ஒருவர் நிதானமாகச் சொல்ல, மற்றவர்கள் கேட்டிருந்தால், அந்த ஒரு மணி நேரம் எட்டு ஸ்தல ஓட்டத்தைவிட மேலானது என்பது என் திடமான அபிப்பிராயம்.

சின்னமனூர்ச் செப்பேடுகளை அறியாத சரித்திர மாணவர் இல்லை. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராஜசிம்ம பாண்டியனின் பெரிய செப்பேடு, மகாபாரதம் தமிழில் ஆக்கப்பெற்றதையும் மதுரையில் சங்கம் அமைந்ததையும் பாண்டியர் பெருமைகளாகக் கூறுவது. அவ்வூர்ப் பூலாநந்தீஸ்வரர் கோயிலின் பிராகாரத்தில் உட்கார்ந்துகொண்டு இச்செய்தியைக் கேட்பது தனி இன்பம். ஆண்டிபட்டியை அடுத்த புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ்பிராமி நடுகற்களைப் பற்றியும் கதை சொல்பவர் தெரிந்திருக்க வேண்டும். கூடலூர் ஆகோள் பூசலில் மாண்ட வீரனுக்கு நட்ட கல் அவற்றுள் ஒன்று. மாட்டு மந்தைக்காக உயிர்விட்டவனின் கதையைக் கிராமத்தில் பிறந்த முதியவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே நேராது.

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலுக்குச் சித்திரைத் திருவிழாவின் எட்டு நாட்களில் மூத்தோரை அழைத்துச் செல்லாதிருப்பதே நலம். ஆயிரங்கண் பானையும் தீச்சட்டியும் ஏந்தி வரும் ஜனசமுத்திரத்தில் அவர்களுக்கு நிற்க இடமிராது. ஆனால் திருவிழாவுக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே கோயிலில் கம்பம் நடப்பட்டு, பெண்கள் முல்லையாற்றில் நீர் முகந்து வந்து அதற்கு ஊற்றுவார்கள். சித்திரையிலேயே வந்தாக வேண்டும் என்று ஆசைப்படுவோர் அந்த நாட்களில் ஒன்றைத் தேர்ந்து, விடியற்காலையில் சென்றால், கூட்டமின்றியும் வெயிலின்றியும் அச்சடங்கைக் கண்ணாரக் காணலாம். குச்சனூரில் ஆடிச் சனிக்கிழமைகளையும் இவ்வாறே தவிர்க்க. சனிக்கிழமையன்றித் தரிசனம் பலிக்காது என்போரிடம் வாதிட வேண்டா, மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றைக் குறித்துக் கொடுத்தால் போதும். தேவதானப்பட்டியில் மூங்கிலணைக் காமாட்சியம்மனை அடைத்த கதவுக்கு முன்னின்றே வழிபடுவது சம்பிரதாயமாதலால், அங்கே உள்ளே நெருக்கியடித்துச் செல்லும் தொல்லையும் இல்லை.

சுருளிக்கு வயோதிகர் வருவது அருவியைப் பார்ப்பதற்கு மட்டும் அன்று. ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் முன்னோர்க்குத் தர்ப்பணம் செய்யத் திரள் திரளாக ஜனங்கள் கூடுகிற தீர்த்தம் அது. வாழ்க்கைத் துணையை இழந்தவர்களும், மக்களை முந்தவிட்டுப் பிந்தியிருப்பவர்களும் மனத்தின் பாரத்தோடு அங்கே வருகிறார்கள். அமாவாசைக் கூட்டத்தை விலக்கி, அவரவர் திதி நாளைக் கேட்டறிந்து அழைத்துச் செல்வது மேன்மையான உபசாரம். வண்டி நிற்குமிடத்திலிருந்து அருவிக்குச் சற்று நடக்க வேண்டும்; பாறைகள் பாசி படிந்து வழுக்கும்; ஆகவே அருவியின் கீழே நிற்க விடாமல், வாளியிலோ குடத்திலோ நீர் முகந்து கொடுத்துக் கரையிலேயே நீராடச் செய்ய வேண்டும். வெள்ளம் பெருகினாலும் யானை நடமாட்டம் இருந்தாலும் வனத்துறையார் வழியை அடைத்துவிடுவர். புறப்படும் முன் விசாரித்துவிட்டுச் செல்க.

பள்ளத்தாக்கின் தென்கோடியில், லோயர்கேம்பில், 2013 ஜனவரியில் திறக்கப்பட்ட பென்னிகுயிக் மணிமண்டபம் இருக்கிறது. அவர் கட்டி 1895-இல் முடிந்த பெரியாறு அணைதான் மேற்கே ஓடிய நீரைச் சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திருப்பியது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நஞ்சையும் அந்நீரால் விளைவது. மண்டபத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால், மலைச்சரிவில் மின்நிலையத்துக்கு நீர் இறங்கும் ராட்சதக் குழாய்கள் தெரியும். அணையை நேரில் காணக் காட்டுக்குள் போக வேண்டிய அவசியம் இல்லை. பென்னிகுயிக் தம் சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்ற கதையை இங்கே எல்லோரும் சொல்வார்கள். வழிகாட்டுவோர் அதை ஊரார் சொல்லும் கதையாகச் சொல்லலாம், ஆவணமாகச் சொல்லலாகாது. நோயிலும் வெள்ளத்திலும் அகப்பட்டு மாண்ட கூலித் தொழிலாளர்களைப் பற்றி ஒரு வார்த்தையேனும் சேர்த்துச் சொல்லாமல் அந்த இடத்தைவிட்டு அகலவும் கூடாது. பென்னிகுயிக்கின் பிறந்த நாளாகிய ஜனவரி 15 பொங்கல் நாளோடு ஒட்டி வருவதால், பாலார்பட்டி போன்ற ஊர்களில் அவர் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள். மகரவிளக்கு நெரிசலைப் பொறுத்துக்கொள்ளத் திடமுள்ளவர்கள் மட்டும் அதற்கு வரலாம்.

கம்பத்தை அடுத்த சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கங்களில், பன்னீர் திராட்சைப் பந்தல்கள் வருஷம் முழுதும் காய்ப்பவை. 2023-இல் இத்திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கல்தூண்களின்மேல் கம்பி கட்டிய பந்தலின் நிழலில் மூத்தோர் உட்கார்ந்து பேசியிருக்கக் கேட்டுக்கொண்டால், தோட்டக்காரர் மறுப்பதில்லை. மருந்து தெளித்த பழமாதலால் நன்றாகக் கழுவிக் கொடுக்க வேண்டும். நீரிழிவுக்காரருக்கு நாலு பழம் ருசிக்கக் கொடுப்பது குற்றமாகாது. போடியில் ஏலக்காய்த் தரம் பிரிக்கும் கூடங்களில், பெண்கள் வெடித்த காயையும் வெளிறிய காயையும் விரலால் தள்ளிப் பச்சைக் காயை ஒதுக்கும் வேகத்தைக் கண்டால், வீட்டில் முறம் பிடித்துப் பழகிய பாட்டிமார் தாமும் கைவைத்துப் பார்ப்பார்கள். முன்னதாக அனுமதி கேட்டுச் செல்க. ஏல நாளில் போய் வியாபாரத்துக்கு இடையூறு செய்ய வேண்டா.

சில இடங்களை நான் துணிந்து விலக்குவேன். மேகமலைக்குச் சின்னமனூரிலிருந்து ஏறும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் பதினெட்டு. தேயிலைத் தோட்டங்களின் அழகு ஒப்பற்றதே ஆயினும், இரவில் நெஞ்சுவலி கண்டால் கீழே இறங்கித்தான் தக்க வைத்தியம் தேட வேண்டும். குரங்கணிக் காட்டில் 2018 மார்ச்சில் மூண்ட தீ இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டதை மறக்கலாகாது. கூடலூருக்கு மேலே எல்லையில் நிற்கும் கண்ணகி கோயிலோ சித்திரா பௌர்ணமி ஒரு நாளுக்கே திறப்பது. பளியன்குடியிலிருந்து ஏறும் வழி செங்குத்தானது. குமுளியிலிருந்து ஜீப் உண்டு, ஆனால் குலுக்கலும் வரிசையும் இளையோரையே சோர்வடையச் செய்யும். இடுப்பெலும்பும் இதயமும் திடமாயிராதவர் செல்ல வேண்டா என்பதே என் தீர்ப்பு.

விடுதிக்காரர்கள் மூத்தோருக்கென்று ஆடம்பர அறைகள் கட்ட வேண்டியதில்லை. மேற்கத்திய முறைக் கழிப்பறை, அதன் பக்கச் சுவரில் ஆள் பாரத்தைத் தாங்கும் எஃகுப் பிடி, வழுக்காத தரை, தரைத் தளத்தில் அறை, கைப்பிடியுள்ள நாற்காலி ஆகிய இவ்வளவே முதல் தேவை. துண்டு போடும் கம்பியையே பிடியென்று காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்; முதியவர் அதைப் பற்றி எழ முயன்றால் கம்பி ஆணியோடு பெயர்ந்துவிடும். கையில்லாத சோபா எவ்வளவு மெத்தென்றிருந்தாலும், மூட்டுவலிக்காரர் அதிலிருந்து பிறர் உதவியின்றி எழ முடியாது. இரவு ஆகாரத்தை ஏழரை மணிக்குள் கொடுத்துவிட வேண்டும்: இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம், உறைப்பு குறைந்த ரசம். கோயில் நிர்வாகிகளிடம் நான் கேட்பதும் அதிகமில்லை. பத்து மணிக்கு மேல் கொதிக்கும் கற்பிராகாரத்தில் தேங்காய்நார் விரிப்பு, படிகளில் கைப்பிடி, நிழலில் சில பெஞ்சுகள், திறந்திருக்கும் சுத்தமான கழிப்பறை ஒன்று. கழிப்பறை இல்லையென்று அஞ்சியே பல பெண்கள் பயண நாள் முழுதும் தண்ணீர் குடிப்பதில்லை. மாலையில் வரும் மயக்கத்துக்கு வெயிலைக் குற்றம் சொல்லிப் பயன் என்ன?

இனிக் கதை சொல்வாரைப் பற்றி. பள்ளத்தாக்கின் ஊர்கள்தோறும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பிடித்து, சம வயதினரிடம் சம வயதினர் பேசும்படி செய்ய வேண்டும். மூத்த பிரயாணிகள் கேட்பவர்கள் மட்டும் அல்லர், சொல்பவர்களும் ஆவர். 1959-இல் வைகை அணை திறக்கப்பட்டபோது பள்ளிச் சிறுவராயிருந்தவர் இன்று எழுபதைக் கடந்தவர். நீரில் மூழ்கிய கிராமங்களின் பெயர் அவர்கள் நாவில் இருக்கிறது. அந்த இழப்பைப் பற்றியே வைரமுத்து 'கள்ளிக்காட்டு இதிகாசம்' எழுதினார். 'அன்னக்கிளி' வந்த 1976-இலும் '16 வயதினிலே' வந்த 1977-இலும் இளமையாயிருந்தவர்களைப் பண்ணைப்புரத்துக்கு அழைத்துச் சென்றால், இளையராஜா பிறந்த ஊரின் தெருவை எட்டிப் பார்த்து வருவதோடு நிறுத்தாமல், நடவுப் பாட்டும் தாலாட்டும் அறிந்த உள்ளூர்ப் பெண்களை ஒரு மாலையில் பாடச் செய்க. பாடுகிறவர்களுக்குக் கைநீட்டித் தரும் பணம் இனாமாக இராமல், முன்னரே பேசி முடித்த ஊதியமாக இருக்க வேண்டும். மலைக்கு அப்பால் குமரகத்தில் 2008 முதல் கேரளத்தார் உள்ளூராருக்கு வருமானம் சேரும்படி சுற்றுலாவை அமைத்து வருவதை நாமும் கண்டு கற்கலாம்.

உடன் வருவோர் ஒவ்வொரு முதியவரின் மருந்துச் சீட்டையும் வீட்டாரின் டெலிபோன் எண்ணையும் ஒரு சட்டைப்பை நோட்டில் எழுதி வைத்துக்கொள்க. தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆண்டிபட்டிச் சாலையில் கானாவிலக்கில் இருக்கிறது, கம்பத்திலும் அரசு மருத்துவமனை உண்டு, அவசரத்துக்கு 108. ரயில் முன்பதிவு அறுபது நாட்களுக்கு முன் திறக்கிறதாதலால், மாசியில் பெற்றோரை அழைத்துவர எண்ணும் பிள்ளைகள் மார்கழியிலேயே கீழ்ப்படுக்கைக்குப் பதிவு செய்துவிட வேண்டும். கூடவே தங்களுக்கும் ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளும்படி அவர்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.